மூன்று சுமையும் ஒரு மனமும்

சிராவக, சிராவகியரே!

துன்பங்கள் முறை வைத்து ஒவ்வொன்றாக வருவதில்லை. வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணிப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து நம்மவர் பலர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துள்ளனர். ஊரில் பூர்வீக வீடு பூட்டிக் கிடக்கிறது. நகரில் முதிய தாயார் நோயுற்றுப் படுக்கையில் இருக்கிறார். மணமாகிப் பல ஆண்டுகளாகியும் மக்கட்பேறு வாய்க்காத மகனும் மருமகளும் அதற்கான சிகிச்சை பெறுகின்றனர். இரு செலவுகளுக்குமாக வீட்டை விற்க வேண்டியிருக்கிறது. பத்திரப் பதிவும், தாயாரின் அறுவை சிகிச்சையும், மருமகளுக்கு ஊசி போடும் நாளும் ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன. இத்தகைய இல்லத்தாருக்கு ஜினதருமம் கூறும் வழி யாது?

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஆர்த்தத் தியானத்தை நான்காக வகுக்கிறார். வேண்டாதது வந்து சேர்ந்ததை எண்ணி வருந்துதல், விரும்பியது பிரிந்ததை எண்ணி வருந்துதல், நோயின் வேதனையிலேயே மூழ்குதல், இனி வரவேண்டிய இன்பத்திற்கு ஏங்குதல் என்பன அவை. மேற்கூறிய இல்லத்தில் இந்நான்கும் ஒருங்கே தலைகாட்டுகின்றன. முயல்வதும் அலைவதும் குற்றமல்ல. அல்லும் பகலும் மனம் இவற்றிலேயே சுழல்வதுதான் புதிய வினைக்கு வாயில் திறக்கிறது. அவ்வாறு சுழலும் மனம் விரதங்களையும் மெல்ல நெகிழவிடுகிறது. ஆகவே நாம் காக்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

முதலில் வீடு. பணம் விரைவில் வேண்டும் என்ற நெருக்கடியில் சுவரின் விரிசலையும், பங்காளியின் வழக்கையும் மறைக்கத் தோன்றும். உண்மையான விலையைக் குறைத்துக் காட்டி முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்தலாம் என்று ஒருவர் யோசனையும் கூறுவார். அரசின் நெறியை மீறிப் பொருள் சேர்ப்பதை அசௌரிய அணுவிரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக அதே நூலின் ஏழாம் அத்தியாயம் எண்ணுகிறது. வாங்குபவரால் எளிதில் கண்டறிய இயலாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் விதியுமாகும். தாயின் மருந்துக்கான பணம் என்பதால் பொய் மெய்யாகிவிடாது. சில ஆயிரம் குறைந்தாலும் விரதம் குறையாதிருக்கட்டும்.

அடுத்து நோய். அசாதா வேதனீயத்தின் உதயத்தால் நோய் வருகிறது என்பது சித்தாந்தம். அதை நம் பொறுமைக்கு மருந்தாகக் கொள்ள வேண்டுமேயன்றி, நோயாளியின் முகத்துக்கு நேரே, "நீ செய்த வினை" என்று எறியலாகாது. வினையின் மேல் பழி போட்டு மருத்துவத்தைக் கைவிடுவதும் நம் நெறியன்று. ஔடத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகவும், பணிவிடையாகிய வையாவிருத்தியத்தை அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாகவும் வைத்த சமயம் இது. மைனாசுந்தரி தொழுநோயுற்ற கணவன் ஸ்ரீபாலனை வெறுக்கவில்லை. தந்தையைத் தூற்றிக் காலம் கழிக்கவும் இல்லை. சித்தசக்கர வழிபாட்டையும் பணிவிடையையும் ஒருங்கே செய்தாள்.

மூன்றாவது மக்கட்பேறு. குறை ஆணிடத்தும் இருக்கலாம், பெண்ணிடத்தும் இருக்கலாம், இருவரிடத்தும் இருக்கலாம். காரணம் விளங்காமலும் போகலாம். அவ்வாறிருக்க மருமகளை மட்டும் குறைகூறுவதும், சுப காரியங்களில் அவளை ஒதுக்குவதும் சொல்லால் செய்யும் இம்சையாகும். அஹிம்சை சமையலறையோடு முடிந்துவிடுவதில்லை.

சோதனைக் குழாய் முறையை நாடுவோர் மற்றொன்றையும் சிந்தித்தல் வேண்டும். இம்முறையில் பல முட்டைகளை எடுத்துக் கருவுறச் செய்து, ஓரிரண்டை மட்டும் கருப்பையில் வைத்து, எஞ்சிய கருக்களை உறையவைப்பது வழக்கம். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றை 10 ஆண்டுகளுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. அதன்பின் அழியவிடுதலோ, ஒப்புதலுடன் ஆய்வுக்கு அளித்தலோதான் வழி. கருவிலும் ஜீவனைக் காணும் நமக்கு இது சிறு செய்தியன்று. எத்தனை முட்டைகளைக் கருவுறச் செய்வது, எஞ்சுவதை என்ன செய்வது என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்னரே மருத்துவரிடம் கேட்டறிந்து, தம்பதியர் இருவரும் கூடி முடிவு செய்க. ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையொப்பமிடற்க. முயற்சி பலிக்காவிடினும் அவ்வாழ்வு பயனற்றதாகிவிடாது. ஆன்மாவின் வீடுபேறு மக்கட்பேற்றைச் சார்ந்ததன்று.

இத்தனைக்கும் இடையே மனத்தை நிலைநிறுத்துவது எவ்வாறு? நாள்தோறும் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமர்க. இயலாத நாளில் மருத்துவமனைக் கூடத்து நாற்காலியிலேனும் அமர்ந்து பஞ்ச நமஸ்காரம் செபித்து, அநித்தியத்தையும் அசரணத்தையும் சிந்திக்க. வீடு கைமாறும், உடல் தளரும், ஆசை அலையும். இவற்றையெல்லாம் அறிந்து நிற்கும் ஆன்மா ஒன்றே நம்முடையது.

இத்தகைய இல்லம் நம் தெருவில் இருந்தால், "விசேஷம் உண்டா?" என்று வினவுதலைத் தவிர்ப்போம். ஒரு வேளை உணவு கொண்டு செல்வோம். ஓர் இரவு நோயாளியின் அருகே விழித்திருப்போம். அண்டை வீட்டார் சுமையில் ஒரு பங்கை ஏற்பதும் சிராவக தருமமே.

அறம் வளர்க! ஜினதருமம் வாழ்க!