முஸாஃபிரா, முகீமா?

பயணத்தை இஸ்லாம் வெறுக்கவில்லை. பூமியில் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகுப்பாரில் வழிப்போக்கனையும் (இப்னுஸ் ஸபீல்) ஒருவனாகச் சேர்த்திருக்கிறது. நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழவும் (கஸ்ர்), ரமலான் நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ளவும் பயணிக்கு நம் மார்க்கம் சலுகை தந்துள்ளது. கடல் கடந்து பொருளீட்டுவது நம் முன்னோர் நடந்த பாதைதான். நம் கடற்கரை ஊர்களில் 'சபுராளி' என்ற சொல்லைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை இல்லை.

ஆனால், பயணமே வாழ்க்கையாகிவிட்டால் என்ன செய்வது?

இன்று ஆசிய நாடுகளில் புதியதொரு கூட்டத்தைக் காண்கிறோம். தோளில் ஒரு பை, மடியில் ஒரு கணினி. இவ்வளவுதான் அவர்களுடைய உடைமை. சியாங் மாயில் மூன்று மாதம், பாலியில் மூன்று மாதம், பிறகு கோலாலம்பூர் என்று ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறார்கள். இவர்களுக்காகவே மலேசியா 2022-இல் 'டி.ஈ. ராந்தாவ்' என்னும் அனுமதியைக் கொண்டுவந்தது. தாய்லாந்து 2024-இல் ஐந்தாண்டு விசா ஒன்றை அறிவித்தது. அதில் ஒருமுறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம். விசா முடியும் நாளில் எல்லையைத் தாண்டிப்போய், உடனே திரும்பிவந்து கணக்கைப் புதுப்பித்துக்கொள்வோரும் உண்டு. இவர்களில் முஸ்லிம் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

"எனக்குச் சொந்த ஊர் என்று ஒன்றில்லை. ஆகவே நான் என்றும் முஸாஃபிர்தான்" என்று இவர்களில் சிலர் சொல்கிறார்கள். இவ்வுலகில் வழிப்போக்கனைப் போல் வாழச் சொன்ன நபிமொழியையும் துணைக்கு அழைக்கிறார்கள். இந்த வாதம் சரிதானா? தொழுகையின் ரக்அத்துகளோடு நின்றுவிடும் கேள்வியன்று இது. நான் யாருக்குக் கடமைப்பட்டவன் என்ற பெரிய கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓரூரில் தங்க நாடியவன் ஷாஃபிஈ மத்ஹபின்படி முகீம், அதாவது தங்கியிருப்பவன், ஆகிவிடுகிறான். ஹனஃபி மத்ஹபில் அது பதினைந்து நாட்கள். மூன்று மாதத்திற்கு வீடு பிடிப்பவன் எந்தக் கணக்கிலும் முகீம்தான். ஓரூரிலிருந்து இன்னோர் ஊருக்கென்று புறப்பட்டுப் போகும் வழியில் அவனுக்குச் சலுகை உண்டு. போய்த் தங்கியபின் இல்லை.

இப்னு உமர் (ரலி) அவர்கள் அஜர்பைஜானில் ஆறு மாதம் கஸ்ர் தொழுததாக ஓர் அறிவிப்பு உள்ளதே என்று சிலர் கேட்கலாம். அவர்களைத் தடுத்து நிறுத்தியது பனி. வழி திறந்தால் புறப்படுவோம் என்று காத்திருந்தவர்களையும், இடம் பிடித்துப்போய்த் தங்கியவர்களையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

இன்னொரு சட்டம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. இன்ன இடத்திற்குப் போகிறோம் என்ற இலக்கே இல்லாமல் அலைபவனுக்கு 'ஹாயிம்' என்று பெயர். அவன் எவ்வளவு தூரம் அலைந்தாலும் அவனுக்குக் கஸ்ர் இல்லை என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் 'மின்ஹாஜ்' நூலில் எழுதியுள்ளார்கள். ஹனஃபி அறிஞர்களும் இலக்கில்லாமல் சுற்றுபவனுக்கு இச்சலுகையைத் தரவில்லை. ஆக, நடந்த தூரம் மட்டும் ஒருவனைப் பயணியாக்கிவிடுவதில்லை. போய்ச் சேர வேண்டிய ஓரிடமும் அவனுக்கு இருக்க வேண்டும்.

ஒரு மாபெரும் பயணியின் கதை

அறிஞர் இப்னு பதூதா 1325-இல் தம் இருபத்தொன்றாம் வயதில் தாஞ்சியர் நகரிலிருந்து ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டார். டில்லியில் காஜியாக இருந்தார்; மாலத்தீவிலும் காஜியாக இருந்தார்; நம் மதுரை சுல்தானிடமும் விருந்தினராக வந்தார். அவர் எழுதச்செய்த பயண நூல் உலகுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். அதில் ஐயமில்லை.

ஆனால் அதே நூலில் வேறொரு கணக்கும் இருக்கிறது. மாலத்தீவில் அவர் பல பெண்களை மணந்தார். புறப்படும்போது தலாக் கொடுத்தார். அந்தப் பெண்கள் தம் தீவைவிட்டு வெளியேறாதவர்கள் என்பதை அறிந்தேதான் மணந்தார். டமாஸ்கஸில் கர்ப்பிணியாக விட்டுவந்த மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தி இந்தியாவில் இருந்தபோது கிடைத்தது. நாற்பது பொன் தீனார் அனுப்பினார். 1348-இல் டமாஸ்கஸ் திரும்பியதும் முதலில் அந்த மகனைத்தான் விசாரித்தார். மகன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தை மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆயின என்பதையும் அங்கேதான் அறிந்தார். 1349-இல் சொந்த நாட்டை அடைந்தபோது தாயும் உயிரோடு இல்லை.

அன்று கடிதம் போக ஆண்டுக்கணக்கானது. இன்று ஒரு நொடியில் தாயின் முகத்தைத் திரையில் காணலாம். ஆயினும், திரையில் காண்பது வேறு, அவள் நோயுற்றபோது அருகிலிருந்து பணிவிடை செய்வது வேறு. பணம் அனுப்பினால் கடமை தீர்ந்தது என்று நினைப்போர், அந்த நாற்பது தீனாரை எண்ணிப் பார்க்கட்டும்.

போகுமிடத்தில் மணந்து, புறப்படும்போது கைவிடும் வழக்கமும் இன்னும் ஒழியவில்லை. இந்தோனேசியாவின் உலமா சபை 2010-இல் கூடி, சுற்றுலாத் திருமணம் ஹராம் என்று ஃபத்வா வெளியிட வேண்டியிருந்தது.

அந்த நபிமொழியின் பொருள்

வழிப்போக்கனைப் போல் வாழுங்கள் என்ற நம் நாயகம் (ஸல்) அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? மதீனா சென்றதும் பள்ளிவாசல் கட்டினார்கள். முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் சகோதரர்களாக்கினார்கள். அங்கிருந்த யூதர்களுடன் உடன்படிக்கை செய்தார்கள். மக்கா வெற்றிக்குப் பின்னும் மதீனாவுக்கே திரும்பினார்கள். தாம் பிறந்த மக்காவில் அவர்கள் கஸ்ர் தொழுதார்கள்! பொறுப்பேற்ற ஊரே அவர்களுக்குச் சொந்த ஊராயிற்று. உலகப் பொருளின் மீதுள்ள பற்றைத்தான் அந்த நபிமொழி அறுக்கச் சொல்கிறது. மனிதர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையை அறுக்கச் சொல்லவில்லை.

ஃபித்ரா தர்மத்தைப் பாருங்கள். ரமலானின் கடைசி நாள் சூரியன் மறையும்போது எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊர் ஏழைகளுக்கே அது உரியது என்பது நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். அந்த ஊரின் மொழி நமக்குத் தெரியாமலிருக்கலாம்; அதன் ஏழைக்கு நம்மிடம் உரிமை உண்டு. பக்கத்து வீட்டாருக்கும் அப்படியே. மலிவாகக் கிடைக்கிறதென்று வந்து தங்கி, வீட்டு வாடகையை உயர்த்திவிட்டு, எவர் பெயரும் அறியாமல் போய்விடுவது முஸ்லிமின் பண்பாகாது. விசா என்பதும் ஓர் ஒப்பந்தமே. சுற்றிப் பார்க்க வந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டு வேலை செய்பவன் வாக்கை முறிக்கிறான்.

பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை எழுப்பியவர்களும் கடல் கடந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள்தாம். போன இடத்தில் பள்ளிவாசல், மையவாடி, வக்ஃபு என்று விட்டுச் சென்றார்கள். எல்லோராலும் அவ்வளவு செய்ய இயலாது. ஆனால் எல்லோராலும் இயன்ற ஒன்று உண்டு.

ஜும்ஆ நிறைவேற நாற்பது பேர் வேண்டும் என்பது நம் மத்ஹபு. அந்த நாற்பது பேரும் அவ்வூரையே நிலையான ஊராகக் கொண்டவர்களாக இருக்க வேண்டும். என்றேனும் திரும்பிவிடும் எண்ணத்தோடு பல ஆண்டுகள் தங்கியிருப்பவன் அந்த நாற்பதில் எண்ணப்படமாட்டான். ஆயினும் ஜும்ஆ அவன்மீது கடமை! அயல்நாட்டில் வாழ்பவனின் நிலையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? அந்த மண் நம்மைத் தன் மக்களில் ஒருவராக எண்ணாமலிருக்கலாம். அதற்காக நம் கடமை நீங்கிவிடுவதில்லை.

எங்கே தங்கினாலும் அங்குள்ளவர்களின் உரிமையை நிறைவேற்றவும், விட்டுவந்தவர்களின் உரிமையை மறவாதிருக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.