தரை யாருடையது?

கலையில் சுதந்திரம் என்ற சொல் அதிகம் புழங்கும் இடங்களில், அந்தச் சுதந்திரம் யாருடைய உடம்பின் மேல் நின்றுகொண்டிருக்கிறது என்ற கேள்வி அநேகமாக எழுவதில்லை. இந்தக் கேள்வியைப் புத்தகங்களில் அல்லாமல் ஒரு கச்சேரி மண்டபத்தின் தரையில் எதிர்கொண்டவர்கள் பங்க் இசைக்காரர்கள். இவர்களில் எவரையும் நான் நேரில் கண்டதில்லை. இசைத்தட்டுகள், மேடை ஒலிப்பதிவுகள், ஓர் ஆவணப்படம் ஆகியவற்றின் வழியாகவே இவர்களுடன் எனக்குப் பரிச்சயம். ஆனால் இங்கு நான் எழுப்பும் விஷயம் இசையின் ருசி பற்றியது அல்ல.

பங்க் தந்த வாக்குறுதி எளிமையானது: மேடைக்கும் தரைக்கும் பேதம் இல்லை. பாடுகிறவன் பிறவி மேதை அல்ல; கேட்கிறவனும் நாளை பாடலாம். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் ஒரு சிறு மண்டபத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்தபோது வந்திருந்தவர்கள் சில பத்துப் பேர்கள்தாம். அவர்களில் சிலர் பிறகு தாங்களே குழுக்கள் அமைத்தார்கள்; ஜாய் டிவிஷன் அப்படி உருவான ஒன்று. லண்டனில் மார்க் பெரி என்ற வங்கிக் குமாஸ்தா, ரமோன்ஸ் குழுவின் இசையால் உந்தப்பட்டு, அதே வருஷம் ஜூலையில் 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற தட்டச்சுப் பத்திரிகையைத் தொடங்கினார். முதல் இதழ் ஐம்பது பிரதிகள் அளவில். உத்தியோகத்தை விட்டார். பத்திரிகை ஆயிரக்கணக்கில் விற்கத் தொடங்கிய நிலையில், 1977ல், அதையும் நிறுத்திவிட்டு, வாசகர்களைத் தங்கள் தங்கள் பத்திரிகையைத் தொடங்கச் சொன்னார். வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சிறுபத்திரிகைக்கு எழுதுகிறவன் இந்தத் தகவலைச் சலனமில்லாமல் கடந்துபோக முடியாது. வாக்குறுதி பொய் இல்லை என்பதற்கு இது சாட்சி.

ஆனால் பேதம் அழிந்த தரையில் நடந்தது இது மட்டும் அல்ல. அதே 1976 செப்டம்பரில் லண்டன் 100 கிளப்பில் நடந்த பங்க் விழாவில் வீசப்பட்ட கண்ணாடிக் குவளை உடைந்து சிதறி ஒரு பெண்ணின் கண் போயிற்று. மேடையில் இருப்பவன் மீது காறித் துப்புவது அன்பைத் தெரிவிக்கும் முறையாக நிலைபெற்றது. 1978ல் க்ளாஷ் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மருக்கு வந்த மஞ்சள்காமாலை அப்படி வாயில் விழுந்த எச்சிலால் வந்தது என்று சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் 1980ஐ ஒட்டி இசை இன்னும் வேகம் கொண்டபோது, மேடைக்கு முன்னால் உடம்போடு உடம்பு மோதி ஆடுவது சடங்காயிற்று. முதலில் அதில் ஒரு தோழமை இருந்தது, விழுந்தவனைத் தூக்கிவிட்டார்கள். பிறகு விழுத்துவதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். முன்வரிசை, வலுத்த தோள் கொண்ட இளைஞர்களின் சொத்தாயிற்று. பெண்களும் சிறுவர்களும் மெலிந்தவர்களும் சுவரோரம் ஒதுங்கினார்கள். எவரும் அவர்களை ஒதுங்கச் சொல்லவில்லை. சட்டம் ஏதும் இல்லாத இடத்தில் எவரும் எதையும் சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் விஷயமே.

இந்தக் கட்டத்தில்தான் வாஷிங்டன் நகரின் ஃபுகாஸி எனக்கு முக்கியமாகிறது. அதில் பாடிய இயன் மக்காய், 1980ல் தொடங்கிய மைனர் த்ரெட் குழுவில் பாடியவர். மோதும் கூட்டத்துக்குள்ளேயே வளர்ந்தவர். 1985 வாக்கில் அந்த நகரின் இளம் இசைக்காரர்கள் சிலர் தங்கள் கச்சேரிகளில் மண்டிவிட்ட வன்முறையிலிருந்து விலகிக்கொள்ள முனைந்தார்கள். அந்த விலகலிலிருந்து வந்த குழு இது. 1987 முதல் 2002 வரை, அநேக நாடுகளில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 5 டாலர் அளவில். எந்த வயதினரும் வரலாம் என்பது நிபந்தனை; மது விற்கும் இடங்கள் பலவற்றில் சிறுவர்களுக்கு அனுமதி இல்லாத நாட்டில் இது பல கதவுகளைத் தங்களுக்கே சாத்திக்கொள்ளும் நிபந்தனை. குழுவின் பெயர் போட்ட பனியன் விற்பதில்லை. தரையில் எவனாவது பிறரை இடித்துத் துன்புறுத்தினால் பாட்டை நிறுத்துவார்கள். அவனைப் பார்த்துப் பேசுவார்கள். கேட்காவிட்டால், ஓர் உறையில் ஐந்து டாலரை வைத்துக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். இதற்கென்றே உறைகள் கையோடு இருந்தன.

ஜெம் கோஹன் எடுத்த 'இன்ஸ்ட்ருமென்ட்' என்ற ஆவணப்படத்தில் (1999) ஒரு காட்சி உண்டு. குழுவின் இன்னொரு பாடகர் கீ பிச்சாட்டோ, தரையில் முரட்டுத்தனம் காட்டும் ஒருவனைப் பற்றி மைக்கில் பேசுகிறார்: கச்சேரிக்கு முன்னால் இவன் சின்னப் பையனைப் போல ஐஸ்க்ரீம் தின்றுகொண்டிருந்ததைத் தான் பார்த்ததாக. கூட்டம் சிரிக்கிறது. முரடன் என்ற வேஷத்துக்குப் பின்னால் இருக்கும் பையனை இழுத்து வெளியே நிறுத்திவிடுகிறார். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு சங்கடமாகவும் இருந்தது. ஏனெனில் மைக் இருப்பது ஒருவர் கையில் மட்டும்தான்.

இங்குதான் ஆட்சேபம் எழுகிறது. அது லேசானதும் அல்ல. அதிகாரம் வேண்டாம் என்று புறப்பட்டவர்கள் கடைசியில் மேடையிலிருந்து ஒழுக்கம் போதிக்கிறார்கள். மேடைக்கும் தரைக்கும் பேதம் இல்லை என்றால், நிறுத்து என்று சொல்லும் உரிமை மேடைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? கலைஞன் வாத்தியாராகவும் போலீஸ்காரனாகவும் ஆகிவிட்டால் மிஞ்சுவது கலையா?

இந்த ஆட்சேபம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: குழு தலையிடுவதற்கு முன் அந்தத் தரை சுதந்திரமாக இருந்தது என்ற அனுமானம். அது உண்மை அல்ல. தரையில் ஏற்கெனவே ஓர் அரசாங்கம் நடந்துகொண்டிருந்தது. தோளின் அரசாங்கம். சுவரோரம் ஒதுங்கியவர்களுக்கு அது தெரியும். நடுவில் ஆடியவனுக்குத் தெரியாது. அதிகாரம் தன்னைக் காற்றைப்போல உணர்கிறது. அதன் கனம் அதற்குக் கீழே இருப்பவனுக்கு மட்டுமே தட்டுப்படுகிறது. ஆகவே மேடை தலையிடுவது சுதந்திரத்தின் மேல் அதிகாரத்தைத் திணிப்பதல்ல. கண்ணுக்குத் தெரியாத ஓர் அதிகாரத்துக்கு எதிராக, கண்ணுக்குத் தெரியும், பெயர் சொல்லி எதிர்க்கக்கூடிய இன்னொன்றை நிறுத்துவது.

ஒலிம்பியா நகரில் 1990ல் அமைந்த பிகினி கில் குழுவின் காத்லீன் ஹன்னா இதை வேறு வழியில் செய்தார். பெண்களை முன்னால் வரச்சொல்லி, ஆண்களைப் பின்னால் நகரச்சொன்னார். இங்கே தனிமனிதன் எவனும் குற்றவாளியாக நிறுத்தப்படவில்லை. தரையின் அமைப்பே மாற்றப்படுகிறது. அதே சமயம், எவரையும் இடிக்காத ஆணும் நகரவேண்டியிருக்கிறது. ஒரு வழியில் தனிமனிதன் அவமானப்படுகிறான். மற்றதில் நிரபராதி இடம்பெயர்கிறான். இரண்டுக்கும் விலை உண்டு. விலையே இல்லாததாகத் தோன்றும் மூன்றாவது வழியில், அதாவது சும்மா இருந்துவிடுவதில், விலையைக் கொடுப்பவள் சுவரோரம் நிற்பவள்.

உறைக்கு மறுபடி வருகிறேன். பணத்தை எண்ணிக் கொடுத்து வாங்குவதே தொழிலாக உள்ளவன் என்பதால் அந்த உறையில் எனக்கு ஒரு பொருள் படுகிறது. தண்டிக்கிற அதிகாரம் அபராதம் வாங்கும், திருப்பித் தராது. பணத்தைத் திருப்பித் தருகிறவன் சொல்வது வேறு: நமக்குள் இருந்த ஒப்பந்தம் முடிந்தது, உன்னிடமிருந்து நான் லாபம் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை, நீ போகலாம். விலக்கப்படும் நேரத்திலும் அவன் கணக்கு நேராக்கப்படுகிறது. அவனுக்கு நீதி செய்யவேண்டும் என்ற எண்ணம் விலக்குபவனிடம் மிச்சமிருக்கிறது. மேடையின் அதிகாரம் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் அடையாளமாக இதைக் கொள்ளலாம்.

இசை கெட்டதா என்றால், இல்லை என்றே சொல்வேன். 1988ல் வந்த அவர்களுடைய 'வெயிட்டிங் ரூம்' பாட்டு, தொடங்கிய சற்று நேரத்திலேயே முழுதாக நின்று, ஒரு மௌனத்துக்குப் பிறகு மறுபடி பாய்கிறது. நிற்கத் தெரிந்த இசை அது. 2011 முதல் அவர்கள் தங்கள் கச்சேரிகளின் ஒலிப்பதிவுகளை, நூற்றுக்கணக்கில், பொதுவில் வைத்தார்கள். அதற்கும் அவர்கள் சொன்ன விலை 5 டாலர்தான். அவற்றில் பாட்டுக்கு நடுவே நடந்த பேச்சும் சச்சரவும் அப்படியே இருக்கின்றன. தங்களுக்குச் சாதகமாகத் தோன்றாத இடங்களையும் கேட்பவன் தீர்ப்புக்கு விட்டிருக்கிறார்கள். மைக் ஒருவர் கையில் இருந்ததற்குக் காலம் கடந்த பதில் இது. முழுமையான பதில் என்று சொல்லமாட்டேன்.

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. எவரும் எழுதலாம், எதையும் எழுதலாம் என்று தொடங்கும் சிறுபத்திரிகையில், நான்கு இதழ்களுக்குள் உரத்த குரல்காரர்கள் இரண்டு பேர் பக்கங்களை எடுத்துக்கொள்வதும், மற்றவர்கள் சந்தாதாரர்களாகச் சுவரோரம் நிற்பதும் புதிது அல்ல. இதையும் சுதந்திரம் என்றே அழைத்துவருகிறோம். பத்திரிகையை நடத்துகிறவன் தலையிட்டால் சர்வாதிகாரி, தலையிடாவிட்டால் ஜனநாயகவாதி. இந்த அளவுகோல் யாருக்குச் சௌகரியமானது என்று கேட்டுப்பார்க்கவேண்டும்.

எனக்குத் தீராத கேள்வி ஒன்றுதான். உறையை வாங்கிக்கொண்டு வெளியே போன பையன், கதவுக்கு அப்பால் நின்று, தான் கேட்க வந்த பாட்டு மறுபடி தொடங்குவதைச் சுவர் வழியாகக் கேட்டிருப்பான். அவன் கணக்கு ஐந்து டாலரில் தீர்ந்துவிட்டதா? தீர்ந்தது என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் அவனை உள்ளேயே வைத்திருந்தால் வேறொருத்தி அந்தக் கதவுக்கு அப்பால் நின்றிருப்பாள், கையில் உறையும் இல்லாமல்.