பக்கத்துக் கடையும் அறமும்

ஒரே பொருள் வெளியூரிலிருந்து மலிவாகக் கிடைக்கும்போது, உள்ளூர்க் கடைக்காரரிடமும் கைத்தொழிலாளரிடமும் வாங்க வேண்டிய கடமை ஒருவருக்கு உண்டா? விலையை மட்டும் பார்த்தால் இதற்கு ஒரு நொடியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் சிற்றூரின் கடைத்தெரு ஓய்ந்துபோனால் அங்குள்ள தச்சர், தையற்காரர், செக்கு வைத்திருப்பவர், மளிகைக்காரர் ஆகியோரின் பிழைப்போடு ஊரின் கூட்டு வாழ்வும் கரைகிறது. அதனால் கையிலுள்ள காசை எங்கே செலவிடுவது என்பதும் அறத்தின் எல்லைக்குள் வருகிறது. சமயச் சிந்தனையாளர்கள் பலர் இந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொண்டிருக்கிறார்கள்.

திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23ஆம் அதிகாரம் ஈகை. இரண்டையும் வள்ளுவர் தனித்தனியே வைத்திருக்கிறார். ஈகை என்பது இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழ்பவரின் செல்வம் இயல்பாகவே ஊருக்குப் பயன்படுவது. உள்ளூர்த் தொழிலுக்குக் கைகொடுப்பது ஒப்புரவைச் சேர்ந்தது. உழைத்து விற்பவரிடம் நியாய விலை கொடுத்து வாங்கும்போது அவர் யாரிடமும் கையேந்துவதில்லை. கொடுப்பவர், பெறுபவர் என்ற ஏற்றத்தாழ்வும் அங்கே எழுவதில்லை. நடுவுநிலைமை அதிகாரத்தில் வாணிகத்துக்கும் வள்ளுவர் இடம் தருகிறார். பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வணிகருக்கு முறை என்கிறார். ஆக, வாங்குபவருக்கு ஒரு கடமை இருப்பதுபோல் விற்பவருக்கும் ஒன்று உண்டு.

இதைச் சமய விரதமாகவே வகுத்தவர் காந்தி. 1916 பிப்ரவரியில் சென்னையில் ஆற்றிய உரைகளில் சுதேசியை அவர் அருகில் இருப்போருக்குச் செய்யும் தொண்டாக விளக்கினார். உள்ளூர் நாவிதரை விட்டுவிட்டுச் சென்னையிலிருந்து வரும் தேர்ந்த நாவிதரிடம் போவது முறையல்ல என்பது அவர் காட்டிய சான்று. உள்ளூர்க்காரரிடம் திறமை குறைந்தால், தொழிலைக் கற்றுவர அவரைச் சென்னைக்கு அனுப்பலாம், கைவிடக் கூடாது. மனிதரின் ஆற்றலுக்கு எல்லை உண்டு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தொண்டு செய்ய எவராலும் இயலாது என்பதே இந்த வாதத்தின் அடிப்படை. தொண்டு தொடங்க வேண்டிய இடம், கண்ணுக்கெட்டிய இடம்.

இந்த எண்ணத்துக்குப் பொருளாதார வடிவம் கொடுத்தவர் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த அவர், லண்டனில் கணக்காயராகத் தேர்ந்து, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் பணியாற்றினார். நிலைத்த பொருளாதாரம் குறித்துச் சிறையில் எழுதிய நூலில், இயற்கையில் காணும் வாழ்முறைகளை ஐந்தாகப் பிரிக்கிறார். இரையைக் கொன்றே வாழும் புலி ஒரு வகை. எதையும் வளர்க்காமல் பழத்தைப் பறித்துத் தின்னும் குரங்கு இன்னொரு வகை. தேனை எடுக்கும்போதே பூக்களின் மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் தேனீ அடுத்தது. அதே தேனீ தனக்கென இல்லாமல் கூட்டுக்காகச் சேர்ப்பது நான்காவது. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை ஐந்தாவது. எந்தச் சந்தையையும் இந்த ஐந்தில் எதைச் சேர்ந்தது என்று கேட்டுப் பார்க்கலாம்.

செக்கை எடுத்துக்கொண்டால் அவர் சொல்வது தெளிவாகும். ஊரில் விளைந்த நிலக்கடலை ஊர்ச் செக்கிலேயே ஆடினால், எண்ணெய் ஊரின் சமையலுக்கு, புண்ணாக்கு ஊரின் மாட்டுக்கு, மாட்டின் சாணம் மறுபடியும் கடலை விளைந்த நிலத்துக்கு. செக்கு ஆட்டுபவருக்குக் கூலி, செக்கைச் செதுக்கும் தச்சருக்கு வேலை. கடலை மூட்டையாகத் தொலைதூர ஆலைக்குப் போனால் திரும்பி வருவது எண்ணெய் மட்டும். அதையும் ஊர் காசு கொடுத்தே வாங்க வேண்டும்.

குமரப்பா இதோடு நிற்கவில்லை. ஒரு பொருளை வாங்குபவர், அது உருவான விதத்திலும் பங்கு பெறுகிறார் என்றார். கூலியைக் குறைத்தோ அடித்துப் பிடுங்கியோ செய்யப்பட்ட பொருளானால், அந்தப் பாவத்தில் வாங்கியவருக்கும் பங்கு உண்டு. தொலைவிலிருந்து வரும் பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்று வாங்குபவரால் அறிய முடியாது. பக்கத்துத் தெருவில் செய்யப்படுவதை நேரில் பார்க்கலாம், தட்டிக் கேட்கலாம், திருத்தலாம். உள்ளூர்ச் சந்தையின் அற மதிப்பு இங்கேதான் இருக்கிறது. அருகில் இருப்பதாலேயே ஒரு பொருள் உயர்ந்ததாகிவிடாது; அருகில் இருப்பதால் அதற்குப் பொறுப்பேற்க முடிகிறது.

மளிகைக் கடையின் பற்று நோட்டு இதற்கு நல்ல சான்று. வார நடுவில் கூலி இல்லாத வீட்டுக்குக் கடைக்காரர் அரைக் கிலோ பருப்பும் நூறு மில்லி எண்ணெயும் கொடுத்து நோட்டில் எழுதிக்கொள்கிறார். சனிக்கிழமை கூலி வந்ததும் கணக்கு நேராகிறது. மழை பெய்து வேலை நின்றால் இன்னொரு வாரம் பொறுக்கிறார். இந்தக் கடனுக்கு ஜாமீன் தேவையில்லை; ஆளைத் தெரிந்திருப்பதே ஜாமீன். ஆனால் அதே நோட்டில் கூடுதல் விலையும் எழுதலாம், கடன்பட்டவரை வேறு கடைக்குப் போகவிடாமல் கட்டியும் போடலாம். நெருக்கம் பொறுப்புக்கும் வழிதிறக்கும், ஒருவரைப் பிடியில் வைத்திருப்பதற்கும் வழிதிறக்கும்.

இங்கிருந்துதான் மறுப்புகள் எழுகின்றன. அவற்றில் வலிமையானது அம்பேத்கருடையது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, கிராமத்தை அறியாமைக்கும் குறுகிய மனத்துக்கும் வகுப்புவாதத்துக்கும் உறைவிடமாக அவர் கண்டார். காந்தி சான்று காட்டிய அந்த நாவிதரே பிறப்பால் அந்தத் தொழிலில் கட்டப்பட்டவர். தேநீர்க் கடையில் சாதி பார்த்துத் தனிக் குவளை வைத்த ஊரில், பக்கத்துக் கடையை ஆதரிப்பது யாருக்குக் கடமை? இரண்டாவது மறுப்பு ஏழை வாங்குபவரைப் பற்றியது. ஐந்து ரூபாய் வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தீர்மானிக்கும் வீட்டின்மீது இந்தக் கடமையைச் சுமத்துவது நியாயமல்ல. மூன்றாவது, தொலைவில் இருக்கும் நெசவாளியும் மனிதரே. அவரை மறக்க எந்த அறமும் சொல்லாது.

முதல் மறுப்புக்குக் குமரப்பாவின் சமயத்திலேயே விடை இருக்கிறது. அயலார் யார் என்று கேட்டவருக்கு இயேசு நல்ல சமாரியர் கதையைச் சொன்னார். வழியில் அடிபட்டுக் கிடந்தவரை அவருடைய சொந்த இனத்தாரே தாண்டிப் போக, பகை இனத்தவர் ஒருவர் நின்று காப்பாற்றினார். அயலாரை நிர்ணயிப்பது குலமோ சாதியோ அல்ல, எதிரில் வந்து நிற்கும் தேவை. ஊர்ப்பற்றுக்கு இந்த அளவுகோல் அவசியம். எல்லாரையும் ஒரே வாசல் வழியாக உள்ளே விடாத கடைத்தெரு, ஆதரவு கேட்கும் தகுதியை இழக்கிறது.

ராமநாதபுரம் சீமையின் வணிக ஊர்களில் வளர்ந்த நாடார் உறவின்முறைகள் இந்த அறத்தின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகின்றன. விற்பனையில் ஒரு சிறு பங்கை வணிகர்கள் மகமையாகத் தந்தார்கள். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் அந்தப் பணம் பேட்டைகளாகவும் கிணறுகளாகவும் பள்ளிகளாகவும் மாறியது. விருதுநகரின் சத்திரிய வித்தியாசாலைக்காக வீடுதோறும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் சொந்தக் காலில் நிற்க இது வழிசெய்தது. ஆனால் உறவின்முறை ஒரு சாதியின் அமைப்பு. அதன் கடமையும் அந்த வட்டத்தை மையமாகக் கொண்டது. அந்தப் பள்ளியில் படித்த காமராஜர் 1954இல் முதலமைச்சரானபின், பள்ளிகளையும் மதிய உணவையும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் உரியதாக விரிவாக்கினார். சிறு வட்டத்தில் பழகிய அறம் பொது அறமாக வளர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மற்ற இரு மறுப்புகளும் கடமையின் அளவைத் திருத்துகின்றன. அது வசதிக்கு ஏற்றது. முதலில் நிறைவேற்ற வேண்டியவர்கள் ஊரின் சம்பளக்காரர்களும் பள்ளி, கோயில், பஞ்சாயத்து போன்ற அமைப்புகளும்தான். கோயில் அன்னதானத்துக்கான அரிசியும் பள்ளிச் சீருடைக்கான தையலும் உள்ளூரில் கொடுக்கப்பட்டால், ஏழை வீட்டின்மீது சுமை ஏறாமலே கடைத்தெரு நிமிரும். ஊரில் செய்ய முடியாததை வெளியூரில் வாங்குவதில் தவறில்லை. அங்கேயும் செய்தவருக்கு உரிய கூலி சேர்ந்ததா என்று விசாரிக்கும் பொறுப்பு தொடர்கிறது. கடைக்காரரின் பங்கு சரியான எடை, நியாய விலை, எல்லாருக்கும் ஒரே மரியாதை.

அரசின் பங்கும் இதில் அடங்கும். சிறிய அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று 1931இல் கத்தோலிக்கத் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் (பயஸ்) தம் சுற்றுமடலில் கற்பித்தார். இந்திய அரசியல் சாசனத்தின் 43ஆம் பிரிவு, கிராமப்புறங்களில் குடிசைத் தொழில்களைத் தனியாகவோ கூட்டுறவு முறையிலோ வளர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது. கடன், சாலை, சந்தைக் கட்டடம், பயிற்சி ஆகியவற்றை அரசு தரலாம். நம்பிக்கையை அரசால் தர முடியாது. அதை வாங்குபவரும் விற்பவரும் நாள்தோறும் சேர்ந்துதான் வளர்க்க வேண்டும். எனவே பக்கத்துக் கடைக்குச் செய்ய வேண்டிய கடமை உண்மையானது, ஆனால் நிபந்தனைக்கு உட்பட்டது: அது இருபுறமும் நேர்மையைக் கேட்கிறது, ஊரின் எல்லா மக்களையும் உள்ளடக்கும்போதே அறமாகிறது.