அடுத்த அத்தியாயம் எங்கே?

ஆக்ஸ்போர்டு மாட்லின் கல்லூரியில், வியாழக்கிழமை இரவுகளில் எழுத்தாளர் சி.எஸ். லூயிஸின் அறையில் நண்பர்கள் கூடுவார்கள். தேநீர் வரும், பைப்புகள் புகையும். பிறகு, யாரிடம் படிக்க என்ன இருக்கிறது என்று லூயிஸ் கேட்பார். 1937 டிசம்பரில் லூயிஸின் நண்பர் டோல்கீன் தொடங்கிய ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்ற கற்பனை உலக நாவல் அந்த வட்டத்தில்தான் அத்தியாயம் அத்தியாயமாகக் காதில் விழுந்தது. எல்லோரும் தலையாட்டவில்லை. வட்டத்தில் ஒருவரான ஹ்யூகோ டைசனுக்கு அந்தக் கதை பிடிக்கவே இல்லை. டோல்கீனும் பலமுறை எழுத முடியாமல் நின்றுபோனார். லூயிஸ் விடவில்லை, அடுத்தது எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இத்தனைக்கும் லூயிஸின் நார்னியா கதைகள் டோல்கீனுக்கு ரசிக்கவில்லை! அந்த வருத்தத்தை மனதில் வைக்காமல், 1954இல் முதல் பாகம் வெளிவந்ததும் லூயிஸ் மனம் நிறைந்து மதிப்புரை எழுதினார். எவ்வளவு பெரிய மனசு! அவர் மட்டும் இல்லாவிட்டால் நாவலை முடித்திருக்கவே மாட்டேன் என்று பின்னாளில் டோல்கீனே சொன்னார்.

டோல்கீனைப் போல, இல்லாத ஓர் உலகத்தைத் தனியாகக் கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் உங்களுக்கும் இருக்கலாம். அவர் கொடுத்த கையெழுத்துப் படி மேசையில் கிடந்தால், தயவுசெய்து இன்றிரவே பிரித்துப் படியுங்கள். பிடிக்காத இடத்தையும் சொல்லுங்கள். கூடவே, அடுத்த அத்தியாயத்தையும் கேளுங்கள்.