தேர்த்தச்சனின் இரண்டாம் சக்கரம்

வாரணாசிக்கு அருகிலுள்ள இசிபதனத்து மான்வனத்தில் தங்கியிருந்த காலத்தில் புத்தர் பெருமான் பிக்ஷுக்களுக்கு உரைத்ததாக அங்குத்தர நிகாயத்திலே ஒரு தேர்த்தச்சனின் கதை வருகிறது. பசேதனன் என்னும் அரசன் தன் தச்சனை அழைத்து, இன்னும் ஆறு மாதத்தில் யுத்தம் நேரப்போகிறது, அதற்குள் இரண்டு புதிய சக்கரங்கள் வேண்டும் என்று பணிக்கிறான். கெடு முடிய ஆறே நாட்கள் இருக்கும்போது ஒரு சக்கரந்தான் முடிந்திருக்கிறது. மற்றதை அந்த ஆறு நாட்களுக்குள் தச்சன் செய்து, இரண்டையும் அரசன் முன்னே கொண்டுவந்து வைக்கிறான். அரசனுடைய கண்ணுக்கு அவற்றிடையே யாதொரு வித்தியாசமும் தோன்றவில்லை. தச்சன் இரண்டையும் உருட்டிக் காட்டுகிறான். ஆறு நாளில் செய்தது, உந்திய வேகம் உள்ளவரை ஓடிப் பின் சுழன்று தரையில் சாய்கிறது. ஆறு நாள் குறைந்த ஆறு மாதத்தில் செய்ததோ, வேகம் தீர்ந்த இடத்தில் அச்சிலே பூட்டினாற்போல நிமிர்ந்து நிற்கிறது. விழுந்த சக்கரத்தின் வட்டையிலும் ஆரக்காலிலும் குடத்திலும் கோணல் இருந்தது என்று தச்சன் காரணம் சொல்கிறான். அத்தச்சன் பூர்வ ஜன்மத்தில் தாமே என்றும், அன்று மரத்தின் கோணலை அறிந்திருந்த தாம் இன்று காயம், வாக்கு, மனம் ஆகியவற்றின் கோணலை அறிந்திருப்பதாகவும் ததாகதர் கூறுகிறார்.

இக்கதை என்னை நெடுங்காலமாக ஒரு சங்கையில் நிறுத்தியிருக்கிறது. சேர்ந்தமைந்த பொருள் யாவும் பிரிந்தழியும் என்பதையே தம் சமயத்தின் அஸ்திவாரமாக வைத்த ஒருவர், விழாது நின்ற சக்கரத்தை ஏன் மெச்சவேண்டும்? நின்றதும் விழுந்ததும் ஒருநாள் உளுத்து மண்ணாகப் போகிறவைதாமே? அநித்தியம் என்னும் தத்துவத்தை அலட்சியத்துக்கு ஆதாரமாகக் கொண்டு, எதுவும் நிலையாத உலகில் எதைத்தான் திருந்தச் செய்து என்ன பயன் என்று சோர்வோர் எக்காலத்திலும் உண்டு. அவர்கள் நிலையாமையை அரைகுறையாகவே அறிந்தவர்கள் என்பது என் துணிபு. அதனை விசாரிக்க, அழிவு வெகு நிச்சயமாகவும் வெகு விரைவாகவும் நேருகின்ற ஒரு சக்கரத்தையே எடுத்துக்கொள்வது உசிதம்.

மலையுச்சியிலிருந்து அடிவாரத்துக்குப் பாறைகளின்மீது பாய்ந்திறங்கும் சைக்கிள் பந்தயத்தில் ஓடுகிற சக்கரத்தைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் என்னும் ஊருக்கு அருகே ஒரு மலைச்சரிவில் 2002ஆம் ஆண்டு முதல் உலகக் கோப்பைப் பந்தயங்களும், 2007இலும் 2023இலும் உலகச் சாம்பியன் பந்தயங்களும் நடந்திருக்கின்றன. ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 550 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. தேர்ந்த வீரர் ஐந்து நிமிஷத்துக்குள் கீழே வந்துவிடுகிறார். அந்தச் சொற்ப நேரத்துக்குள் பாறைமுனைகள் சக்கரத்தில் மோதும் மோதல்களோ எண்ணி மாளாதவை. இத்தகைய சக்கரத்துக்கு உறுப்புக்களைத் தேர்ந்தெடுப்பவன், அது அழியும் என்பதை ஒருகணமும் மறக்க முடியாது. ஆயினும் அவன் தேர்வின்மீதே ஒரு மனிதனுடைய உயிர் இறங்கி வருகிறது.

இத்தொழிலுக்குப் புதியவன், ஒவ்வோர் உறுப்பிலும் மிகத் தடித்ததையும் மிகக் கடினமானதையும் பொறுக்கிச் சேர்த்தால் மிக உறுதியான சக்கரம் கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பு. கம்பிச் சக்கரத்தின் இயற்கை இந்த எண்ணத்தை ஆதரிக்கவில்லை. பசேதனனுடைய தச்சன் செய்த மரச்சக்கரத்தில், ஆரக்கால்கள் தூண்களாக நின்று பாரத்தைத் தாங்கின. 1808ஆம் ஆண்டில் ஜார்ஜ் கேலி என்னும் ஆங்கிலேயர் பறக்கும் இயந்திரத்துக்காகச் சிந்தித்த கம்பிச் சக்கரத்திலும், அதன் வழிவந்த சைக்கிள் சக்கரத்திலும், மெல்லிய ஸ்போக் கம்பிகள் யாவும் முன்கூட்டியே இறுக்கி இழுக்கப்பட்டிருக்கின்றன. மலையிறக்கச் சக்கரத்தில் வழக்கமாக 32 கம்பிகள். ஒவ்வொன்றும் நூறு கிலோகிராமுக்குக் குறையாத பாரத்தைத் தொங்கவிட்டாற்போல் இழுபட்டிருக்க, அத்தனை இழுவிசையையும் கூட்டினால் மூன்று டன்னைத் தாண்டும். ஜோப்ஸ்ட் பிராண்ட் என்னும் பொறியியலாளர் 1981இல் வெளியிட்ட நூலில், சக்கரம் தன் அடிப்பகுதிக் கம்பிகளின்மீதே நிற்கிறது என்று வாதித்தார். தரையில் மோதும்போது வட்டையாகிய ரிம் கீழ்ப்புறத்தில் சற்றே உள்ளொடுங்க, அங்குள்ள கம்பிகளின் இறுக்கம் குறைகிறது. அந்தக் குறைவே பாரத்தைச் சுமப்பதாகும். இறுக்கம் முற்றும் அற்றுக் கம்பி தளர்ந்துவிட்டால் அதை ரிம்மோடு பூட்டும் நிப்பிள் என்னும் திருகு கழன்றுகொள்ளும். இறுகியும் தளர்ந்தும் அலைகிற கம்பி, நடுக்குடமாகிய ஹப்பின் துளைக்குள் வளைந்து நுழையும் அந்த முழங்கையிலே களைப்புற்று முறியும்.

இதிலிருந்து பெறப்படுவது வியப்பானது. 2.0 மில்லிமீட்டர் தடிப்பில் நெடுகிலும் ஒரே சீராக ஓடும் கம்பியைவிட, முனைகளில் 2.0 ஆகவும் நடுவில் 1.8 ஆகவும் மெலிந்த கம்பியே நீடித்து உழைக்கிறது. அதன் நடுப்பகுதி, அதே இழுவிசையில் 23 சதவீதம் கூடுதலாக நீள்வதால், ரிம் உள்ளொடுங்கும்போது அத்தனை எளிதில் தளர்ந்து போவதில்லை; அதிர்ச்சியை அயல் கம்பிகளோடு பகிர்ந்துகொள்ளவும் செய்கிறது. தடித்த கம்பி இணங்க மறுக்கிறது, ஆகவே விரைவில் தனித்துவிடப்படுகிறது. முறியும் இடமாகிய முழங்கையில் மட்டும் இன்னும் தடித்து, நடுவில் மெலிந்திருக்கும் கம்பிகளும் கிடைக்கின்றன. விலை கூடினாலும் பின்சக்கரத்துக்கு அவற்றையே நான் சிபாரிசு செய்வேன்.

ரிம் விஷயத்தில் தேர்வு இன்னும் கடினமானது, ஏனெனில் எது முதலில் அழியவேண்டும் என்பதை அங்கேதான் தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. கடினமான அலுமினியக் கலவையால் ஆன ரிம் மோதலில் நசுங்காமல் எதிர்த்து நின்று, ஒருநாள் வெடிக்கிறது; சற்று மென்மையான கலவையோ அடிபட்ட இடத்தில் பள்ளம் விழுந்து, ஓட்டுபவனுக்குத் தன் நிலையைத் தெரிவித்துக்கொண்டே உழைக்கிறது. கார்பன் இழையால் ஆனது பள்ளம் விழாது, வளையாது, நெடுநாள் வட்டம் தவறாது. பொறுக்கும் எல்லை கடந்ததும் உடைகிறது. பணமும் இயந்திர உதவியும் நிறைந்த பந்தயக் குழுக்கள் கார்பனைத் தேர்வதில் நியாயம் உண்டு. தன் செலவில் மலைக்குப் போகிறவனுக்கு, பள்ளம் விழுகிற அலுமினிய ரிம்மே தக்கது என்று தயக்கமின்றிச் சொல்வேன். 2014ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் லியோகாங் பந்தயத்தில் அமெரிக்கரான ஆரன் குவினுடைய பின்டயர் காற்றிழந்து கிழிய, அவர் நில்லாமல் ரிம்மின்மீதே அடிவாரம்வரை ஓட்டி வந்தார். ஒரு சக்கரம் தன்னையே செலவிட்டு ஓட்டுபவனைக் கீழே சேர்ப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நிப்பிள் பித்தளையால் ஆனதாகவே இருக்கட்டும். அலுமினியத்தில் மிச்சமாகும் சில கிராம்கள் முனை மழுங்கும் தொல்லைக்கு ஈடாகா. ஹப்பைத் தேர்வதில் மட்டும் சற்று நிதானம் வேண்டும். சாதாரணப் பின்சக்கரத்தில் பற்சக்கரங்கள் ஒருபுறம் இடத்தை அடைத்துக்கொள்வதால், அப்புறத்துக் கம்பிகள் செங்குத்தாக நின்று மிகுந்த இறுக்கத்தையும், மறுபுறத்தவை சாய்ந்து குறைந்த இறுக்கத்தையும் ஏற்கின்றன. மலையிறங்கும் வண்டிக்கோ ஏழு பற்சக்கரங்களே போதும். அச்சும் 150 அல்லது 157 மில்லிமீட்டர் அகலமுள்ளது. அந்த இடவசதியைக் கொண்டு இருபுற விளிம்புகளையும் நன்கு விலக்கி, இருபுற இறுக்கத்தையும் சமத்துக்கு அருகே கொண்டுவரும் ஹப்பையே நாடவேண்டும். இங்கே குடத்தின் கோணல் என்று தச்சன் சொன்னது என் நினைவுக்கு வருகிறது.

அரசன் இரண்டு சக்கரங்களிலும் வித்தியாசம் காணவில்லை என்ற அந்தச் சிறு குறிப்பிலேதான் கதையின் ரகசியம் இருக்கிறதென்று நான் கருதுகிறேன். கம்பிச் சக்கரத்தைத் தாங்கியில் வைத்துச் சுற்றி, நிப்பிள்களை முடுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுப்பவன், கம்பிகளின் இறுக்கம் ஒன்றுக்கொன்று வேறாயிருக்கும்போதே ரிம்மை நூல்பிடித்தாற்போல் ஓடச் செய்துவிட முடியும். ஒரு கம்பி அளவுக்கு மீறி இழுக்க, அடுத்தது அதற்கு எதிராக இழுக்க, இரண்டின் பகையும் ஒன்றையொன்று மறைத்துவிடும். கண்ணுக்கு அது நேரான சக்கரம். கம்பியை விரலால் மீட்டி ஒலியைக் கேட்பவனுக்கோ, இழுவிசை அளக்கும் கருவியை வைப்பவனுக்கோதான் உள்ளிருக்கும் கோணல் புலனாகும். இணையாக ஓடும் கம்பிகளைக் கையால் அழுத்தி நெரித்து, முழங்கைகள் இருக்கையில் அமைந்த பின் மறுபடியும் சுருதி பார்த்து, மறுபடியும் கோட்டம் எடுக்கும் பொறுமையில்லாதவன் கைவிட்ட சக்கரம், முதற் பாறைவெளியிலேயே தன் சமாதானத்தை இழந்துவிடும். நடத்தையில் குற்றம் காணமுடியாத மனிதன், மனத்தின் இழுபறிகளால் மட்டுமே அந்நேர்மையைப் பிடித்துவைத்திருக்கக்கூடும் என்பதால்தான் காயத்தோடும் வாக்கோடும் நில்லாமல் மனத்தின் கோணலையும் பகவர் சேர்த்துச் சொன்னார் போலும்.

இனிப் பழைய சங்கைக்கு வருவோம். உறுப்புக்களாகிய அவயவங்களில் பிரியாது தங்கியிருக்கும் அவயவி என்னும் தனிப்பொருள் உண்டு என்பர் நையாயிகர். உறுப்புக்களுக்கு அப்பால் முழுமை என்று ஒன்று தனியே இல்லை என்பர் பௌத்தர். மிலிந்த மன்னனிடம் நாகசேனர் என்னும் பிக்ஷு தேரை அங்கம் அங்கமாகப் பிரித்துக் காட்டி இதனையே நிறுவினார். கம்பிச் சக்கரத்தைக் கட்டியறிந்தவன் பௌத்தர் பக்கம் சாய்வான் என்றாலும், ஒரு திருத்தத்தோடு சாய்வான். மேசையில் பரப்பிய ஹப்பிலும் ரிம்மிலும் கம்பிகளிலும் மூன்று டன் இழுவிசை எங்கும் இல்லை. கட்டிய சக்கரத்தில் அது இருக்கிறது, எந்த ஓர் உறுப்புக்கும் தனியுடைமையாகாமல் எல்லாவற்றின் இடையிலும் இருக்கிறது. நீடிப்பது என்ற குணம் அந்த உறவுக்கே உரியதாகையால், அழியும் பொருள்களைக் கொண்டு நீடிப்பதைச் செய்வதில் முரண்பாடு ஏதும் இல்லை. குசிநாரையில் உயிர்விடும் தறுவாயிலும் பகவர் யாவும் அழியும் என்பதோடு நிறுத்தாமல், அப்பிரமாதமாகிய விழிப்போடு முயலவேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். முதற் கூற்று இரண்டாவதற்குத் தடையாயிருந்தால் இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கமாட்டார்.

ஆகவே, சக்கரம் எத்தனை நாள் வரும் என்று வாங்க வருகிறவன் கேட்கும்போது, நிலையாமையைக் காட்டி மழுப்புவதும் தவறு, அழியாது என்று சத்தியம் செய்வதும் தவறு. ரிம் முதலில் போகும், பாறை மிகுந்த இடத்தில் ஒரு பருவத்துக்கு முன்பே போகக்கூடும். அதன் விளிம்பையும் கம்பித் துளைகளையும் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் தடவிப் பார்க்கவேண்டும். முதல் சில இறக்கங்களுக்குப் பின் இறுக்கத்தைச் சோதிக்க மறுபடி கொண்டுவரவேண்டும். ஹப் மட்டும் பேரிங் மாற்றி மாற்றிப் பல ரிம்களைக் காணும் என்று, பணத்தைக் கையில் வாங்குமுன் அவனிடம் சொல்லிவிடவேண்டும். நாளைக்கே பந்தயம், இன்றிரவே வேண்டும் என்று அவன் நெருக்கினால், தச்சன் அரசன் முன் செய்ததைப்போல, அவசரத்தில் செய்ததையும் ஆறவமரச் செய்ததையும் அவன் கண்முன்னே உருட்டிக் காட்டலாம்.