ஹத்தாத் என்றால் கொல்லர்

வாதி ஹத்தாத், சாத் ஹத்தாத். 1970களின் மத்தியக் கிழக்குச் செய்திகளைப் புரட்டினால் இந்த இரண்டு பெயர்களும் அடிக்கடி வரும். முன்னவர் 1927ல் ஸஃபத் நகரில் பிறந்த பாலஸ்தீனர். படிப்பால் மருத்துவர். பாலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியின் விமானக் கடத்தல்களுக்குத் திட்டம் போட்டவர். பின்னவர் லெபனான் ராணுவத்தில் மேஜர். இஸ்ரேலின் ஆதரவோடு தெற்கு லெபனானில் தனிப்படை நடத்தி, 1979ல் அந்தப் பகுதியைச் 'சுதந்திர லெபனான்' என்று அறிவித்தவர். இருவருமே கிறிஸ்தவர்கள், ஒருவர் கிரேக்க ஆர்த்தடாக்ஸ், இன்னொருவர் கிரேக்கக் கத்தோலிக்கர். ஒரே மோதலின் எதிரெதிர் முனைகளில் நின்றவர்கள். இருவரின் பெயருக்கும் அரபியில் ஒரே பொருள்தான்: கொல்லர். ஒருவர் கையில் ஸ்டெதஸ்கோப், இன்னொருவர் கையில் துப்பாக்கி. சுத்தியலைக் காணோம்.

இதிலென்ன ஆச்சரியம் என்று கேட்கலாம். பெயருக்குப் பொருள் இருக்கும், அது ஆளுக்குப் பொருந்தணும்னு அவசியமா என்ன? அவசியமில்லைதான். ஆனால் அந்த 'அவசியமில்லை' எல்லா இடத்திலும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ஒரு பெயரை வைத்து ஒரு மனிதரைப் படித்துவிட மற்றவர்களுக்கு உரிமை உண்டா என்ற கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஹத்தாத் என்ற இந்த ஒற்றைப் பெயரைப் பிடித்துக்கொண்டு அதை யோசித்துப் பார்க்கலாம்.

*

முதலில் சொல். அரபிச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களால் ஆன வேரிலிருந்து கிளைப்பவை. வேருக்குள் உயிரொலிகளை வெவ்வேறு அச்சில் வார்த்தால் வெவ்வேறு சொற்கள் கிடைக்கும். நடு மெய்யை இரட்டித்து, அடுத்து ஒரு நெடிலை வைத்தால் தொழில் செய்பவரின் பெயர் வரும். தச்சர் நஜ்ஜார், ரொட்டி சுடுபவர் கப்பாஸ், தையற்காரர் கய்யாத். நமக்கெல்லாம் தெரிந்த உமர் கய்யாமும் இதே அச்சுதான். கய்யாம் என்றால் கூடாரம் செய்பவர். அவரோ கணிதமும் வானியலும் பார்த்தவர்.

ஹத்தாத்தின் வேர் ஹ-த-த. இதே வேரிலிருந்து வருவது ஹதீத், அதாவது இரும்பு. குர்ஆனின் 57வது அத்தியாயத்துக்கு அதுதான் பெயர். 'ஹத்' என்றால் எல்லை, வரம்பு. கத்தியின் கூர்மையும் இதே வேர்தான். துக்கம் அனுசரிப்பதற்கான ஹிதாத் என்ற சொல்லும் இங்கிருந்தே வருகிறது. அலங்காரத்திலிருந்து தன்னை விலக்கிக்கொள்வது துக்கம். தடுப்பது, வரம்பு கட்டுவது என்ற எண்ணம் இந்த வேர் முழுக்க ஓடுகிறது. அதனால் பழைய அரபி அகராதிகளில் ஹத்தாத் என்பதற்கு வாயிற்காவலர், சிறைக்காவலர் என்ற பொருள்களும் உண்டு. உள்ளே விடாதவரும் ஹத்தாத், வெளியே விடாதவரும் ஹத்தாத். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்தது பரவல். லெபனான், சிரியா, ஜோர்டான், பாலஸ்தீனம், ஈராக், யேமன், துனிசியா, அல்ஜீரியா, மொராக்கோ என்று அரபி பேசப்படும் நிலம் நெடுக இந்தப் பெயர் உண்டு. லெபனானில் மிகப் பரவலான குடும்பப்பெயர்களில் ஒன்று. அங்கே பெரும்பாலும் கிறிஸ்தவர்களிடம் இருக்கிறது. வட ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் முஸ்லிம்களிடம். துனிசியாவின் ஜெர்பா தீவு யூதர்களிடமும் உண்டு. கப்பலேறி அமெரிக்கக் கண்டங்களுக்கும் போயிருக்கிறது. பிரேசிலில் 2018 குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் போல்சொனாரோவிடம் தோற்று, 2023ல் நிதியமைச்சரான ஃபெர்னாண்டோ ஹத்தாத்தின் தந்தை லெபனானிலிருந்து போனவர். தாத்தா ஆர்த்தடாக்ஸ் பாதிரியார்.

இவ்வளவு பேருக்கும் ஒரே மூதாதையா? இல்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு உலைக்களம் இருந்தது. ஒவ்வொரு உலைக்களத்திலிருந்தும் ஒரு ஹத்தாத் குடும்பம் தனித்தனியாக முளைத்தது. உலகம் முழுக்க இதே கதைதான். இங்கிலாந்தில் ஸ்மித், ஜெர்மனியில் ஷ்மித், பிரான்ஸில் லெஃபெவ்ர், ஹங்கேரியில் கோவாச், ரஷ்யாவில் குஸ்னெத்சோவ், துருக்கியில் தெமிர்ஜி. எல்லாமே கொல்லர்தான்.

ஏன் கொல்லர்? ஊரில் பெரும்பாலோர் உழவர்கள் என்றால் உழவர் என்ற பெயர்தானே அதிகம் இருக்க வேண்டும்? தகவல் கோட்பாடு தெரிந்தவர்களுக்கு விடை சுலபம். ஊரில் நாற்பது பேர் உழவர் என்றால் 'உழவர் யூசுஃப்' என்று சொல்வதில் எந்தத் தகவலும் இல்லை. எந்த யூசுஃப்னு திரும்பக் கேட்பார்கள். கொல்லர் ஒருவர்தான். 'கொல்லர் யூசுஃப்' என்றால் விஷயம் முடிந்தது. எல்லா ஊருக்கும் தேவை, ஆனால் ஊருக்கு ஒருவர் போதும் என்ற தொழில்தான் நல்ல அடையாளம். அப்படி வைக்கப்பட்ட பெயர் அந்த யூசுஃபைப் புகழவும் இல்லை, இகழவும் இல்லை. இன்னொரு யூசுஃபிடமிருந்து பிரித்துக் காட்டியது, அவ்வளவுதான்.

பட்டப்பெயர் பரம்பரைப் பெயராக இறுகியதில் அரசாங்கங்களுக்கும் பங்கு உண்டு. அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சி 1882ல் சட்டம் போட்டுக் குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கியது. துருக்கியில் 1934ல் சட்டம் வந்தது. வரி வாங்கவும் படைக்கு ஆளெடுக்கவும் பதிவேட்டுக்கு நிலையான பெயர் வேண்டும். அன்றைக்கு எந்தப் பெயர் வாயில் இருந்ததோ அது பேரப்பிள்ளைகள் வரைக்கும் போனது. உலை அணைந்துவிட்டது, பெயர் நின்றுவிட்டது.

*

தத்துவத்தில் இதற்கு ஒரு பழைய விவாதம் உண்டு. ஜான் ஸ்டூவர்ட் மில் 1843ல் ஒரு உதாரணம் சொன்னார். டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பதால் ஒரு ஊருக்கு டார்ட்மவுத் என்று பெயர். நாளைக்கு ஆறு திசை மாறிப் போனால் ஊரின் பெயர் பொய்யாகிவிடுமா? ஆகாது. சால் கிரிப்கி 1970ல் பிரின்ஸ்டனில் ஆற்றிய உரைகளில் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். பெயர் என்பது ஆளைப் பற்றிய விவரணைகளின் சுருக்கம் கிடையாது. யாரோ ஒருமுறை சூட்டுகிறார்கள், அதன்பின் வாய் வாயாகக் கைமாறி வருகிறது. அந்த ஆளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் தப்பாகவே இருந்தாலும் பெயர் அவரைத்தான் சுட்டும்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் இதே பாடத்தை வேறு வழியில் கற்கிறோம். தரவுத்தளத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் அதை அடையாளம் காட்ட ஒரு பிரைமரி கீ வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பொருள் உள்ள ஒன்றை அதற்கு எடுப்பார்கள்: தொலைபேசி எண், துறையும் ஊரும் சேர்ந்த குறியீடு, இப்படி. ஆள் துறை மாறுவார், ஊர் மாறுவார், குறியீடு பொய் சொல்ல ஆரம்பிக்கும். அதனால் அனுபவசாலிகள் அர்த்தமே இல்லாத ஒரு எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். அந்த எண்ணுக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் அது எந்த மாற்றத்தையும் தாங்கும். பொருள் செத்துப்போன குடும்பப்பெயரும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஹத்தாத் வீட்டுப் பெண் கவிஞராகலாம், பையன் பாதிரியாராகலாம். பெயர் குறுக்கே நிற்காது.

யேமனின் தரீம் நகரத்தில் 1634 முதல் 1720 வரை வாழ்ந்த இமாம் அப்துல்லாஹ் இப்னு அலவி அல்-ஹத்தாத் இதற்கு அழகான உதாரணம். சிறுவயதிலேயே அம்மையில் கண்பார்வை இழந்தவர். அவர் தொகுத்த ராத்தீப் என்னும் துதிக்கோவை இன்றும் கேரளத்திலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஓதப்படுகிறது. நபிவழிக் குடும்பத்தவருக்குக் கொல்லர் என்ற பெயர் எப்படி வந்தது? அந்தக் குடும்ப மரபில் சொல்லப்படும் கதை இது: முன்னோர்களில் அஹ்மத் என்று ஒருவர் தரீமில் ஒரு கொல்லர் கடையில் போய் உட்கார்ந்துகொண்டிருப்பாராம். அதே பெயரில் இன்னொருவரும் ஊரில் இருந்ததால், பிரித்துச் சொல்ல இவரைக் கொல்லர் அஹ்மத் ஆக்கிவிட்டார்கள். உட்கார்ந்திருந்ததற்காகக் கிடைத்த பெயர்! முதல் நாளிலிருந்தே விவரணை பொய். பெயர் மட்டும் மெய்.

நேரெதிர் உதாரணமும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் நிஷாபூரில் வாழ்ந்த சூஃபி அபூ ஹஃப்ஸ் அல்-ஹத்தாத் நிஜமாகவே கொல்லர். ஒருநாள் உலைக்களத்தில் குர்ஆன் ஓதும் குரல் கேட்டுத் தன்னை மறந்து, பழுக்கக் காய்ந்த இரும்பை வெறுங்கையால் எடுத்துவிட்டார் என்றும், அத்தோடு தொழிலை விட்டுவிட்டார் என்றும் சூஃபி வரலாறுகள் சொல்கின்றன. தொழில் போனது. பெயர் ஆயிரம் ஆண்டு தாண்டியும் போகவில்லை.

இவர்களுக்கெல்லாம் பெயர் ஒரு வாசல் மாதிரி இருந்தது. திறந்து வெளியே போகலாம், திரும்ப உள்ளே வரலாம்.

*

இதே சொல் மூடிய கதவாக இருக்கும் இடம் ஒன்று உண்டு.

சாட் நாட்டின் கானெம், பஹ்ர் எல் கஸல் பகுதிகளில் ஹத்தாத் என்பது குடும்பப்பெயர் அல்ல. ஒரு மக்கள் கூட்டத்துக்கு மற்றவர்கள் வைத்த பெயர். டேனிஷ் மானுடவியலாளர் ஈடா நிக்கோலைசன் இவர்களைப் பற்றி 2010ல் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். இவர்களில் பலர் இரும்படிப்பவர்களே அல்ல. வலை விரித்து மான் பிடிப்பவர்கள், வில்லும் நஞ்சு தோய்ந்த அம்பும் கொண்டு வேட்டையாடியவர்கள். ஆனாலும் சுற்றியுள்ள மேய்ச்சல்காரர்களும் விவசாயிகளும் இவர்களை ஹத்தாத் என்றே அழைத்தார்கள். கீழானவர்கள் என்று ஒதுக்கினார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். சாதி என்ற சொல்லை அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டிய வாசகர்கள் இல்லை நாம்.

கொல்லரை இழிவாகப் பார்ப்பது பாலைநிலத்தில் பழைய வழக்கம். உமையா காலத்துக் கவிஞர் ஜரீர் தன் போட்டியாளர் ஃபரஸ்தக்கை வசைபாடும்போது, கொல்லன் மகனே என்று திரும்பத் திரும்பக் குத்துவார். மந்தையும் ஒட்டகமும்தான் மதிப்பு, கையால் செய்யும் வேலை மட்டம் என்ற கணக்கு. ஈட்டி முனையும் வாளும் யாரிடமிருந்து வாங்கினார்களோ அவர்களையே இழிவு செய்தார்கள்.

பெய்ரூட்டின் ஹத்தாத்துக்கும் கானெமின் ஹத்தாத்துக்கும் எழுத்தில் வித்தியாசமில்லை. கிரிப்கி சொன்னது பெய்ரூட்டில் செல்லும். கானெமில் செல்லாது. அங்கே அந்தச் சொல் ஆளைச் சுட்டுவதோடு நிற்பதில்லை. இவர் யார், யாரோடு சாப்பிடலாம், யாரைக் கட்டலாம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அதுவும் பொய்யாக. தரீமிலும் விவரணை பொய்தான், கானெமிலும் பொய்தான். தரீமில் அந்தப் பொய்யை வைத்து அஹ்மதின் கல்யாணத்தை யாரும் தடுக்கவில்லை. கானெமில் தடுத்தார்கள். அகராதியில் வாயிற்காவலர், சிறைக்காவலர் என்றிருந்த பழைய பொருள் இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் சிறைக்குள் இருப்பவரைத்தான் இங்கே ஹத்தாத் என்கிறார்கள்.

ஆக, பொருளை உயிரோடு வைத்திருப்பது அகராதி அல்ல. அதை வைத்து ஆதாயம் அடைகிறவர்கள்.

*

லெபனானிலும் கதை சுபமாக முடியவில்லை. 1975 டிசம்பர் 6, கறுப்புச் சனி. கிறிஸ்தவ ஃபலாஞ்சிஸ்ட் படையினர் பெய்ரூட்டில் சாலைத் தடுப்புகளைப் போட்டு, வருகிறவர்களின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, முஸ்லிம்களைப் பிரித்தெடுத்துக் கொன்றார்கள். இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில். எதிர்த் தரப்பும் தடுப்பு போட்டது, அதையே செய்தது. அட்டையைப் பார்த்துக் கொல்வதற்கு அந்தப் போரில் தனியாக ஒரு சொற்றொடரே உருவானது.

பெயரைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். ஜார்ஜ் என்றால் கிறிஸ்தவர், உமர் என்றால் சுன்னி. ஹத்தாத் போன்ற தொழிற்பெயர் மட்டும் உறுதியாக எதையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் பெயர் மௌனமாக இருந்தாலும் அட்டை மௌனமாக இல்லை. மதப்பிரிவு என்று தனியாக ஒரு வரி அதில் அச்சாகியிருந்தது. 1932ல் எடுத்த, அதன்பின் அரசு மறுபடி எடுக்காத ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மீது நிற்கும் நாடு அது. பதவிகள் அந்தக் கணக்கில்தான் பங்கு பிரிந்தன.

அந்தக் காலகட்டத்தில் பெய்ரூட்டின் கிரேக்கக் கத்தோலிக்கப் பேராயராக இருந்தவர் கிரெகுவார் ஹத்தாத். மதப்பிரிவு கடந்த குடியுரிமை வேண்டும் என்று பேசியதால் 'சிவப்புப் பிஷப்' என்று அழைக்கப்பட்டார். 1975ல் அவருடைய பதவி போனது. போருக்குப் பிறகு வந்த அட்டைகளில் அந்த வரி இல்லை. 2009ல் உள்துறை அமைச்சராக இருந்த ஸியாத் பாரூத், குடிமக்கள் விரும்பினால் பதிவேட்டிலிருந்தும் தங்கள் மதப்பிரிவை நீக்கிக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை விட்டார். ஒரு வரியை அழிக்க முப்பத்து நான்கு ஆண்டுகள்.

*

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், வர வேண்டும். பொருள் சாகட்டும் என்று சொன்னால் உழைத்தவரின் நினைவும் சேர்ந்து சாகாதா? உலைக்களத்தில் கண்ணெரிய நின்ற ஒரு தாத்தாவை அந்தப் பெயர் மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. 'அது பழைய கதை, விடு' என்று சொல்வதும் ஒருவித அவமதிப்புதானே?

நியாயமான கேள்வி. என் பதில், நினைவுக்கும் விசாரணைக்கும் வித்தியாசம் உண்டு என்பது. ஒரு ஹத்தாத் தன் பெயரைச் சொல்லி, எங்கள் முன்னோர் இரும்படித்தார்கள் என்று பெருமைப்படலாம். வருத்தப்படலாம். மறந்தும் போகலாம். அது அவருடைய சொத்து. அதே பெயரைக் கேட்டவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு, அந்தக் கணக்கின்படி கதவைத் திறப்பதும் மூடுவதும் வேறு விஷயம். பொருளைத் திறக்கும் சாவி பெயர்க்காரரிடம் இருக்க வேண்டும்.

துனிசியாவின் தாஹிர் ஹத்தாத் (1899-1935) தொழிற்சங்கம் கட்டியவர். 1930ல் பெண்களின் உரிமை பற்றி ஒரு புத்தகம் எழுதியதற்காக அவர் படித்த ஸைத்தூனாவின் அறிஞர்களே அவரை விரட்டினார்கள். முப்பத்தாறு வயதில், தனிமையில் இறந்தார். அவர் கேட்டவற்றில் பல 1956ல் துனிசியக் குடும்பச் சட்டத்தில் ஏறின. அவரைத் திட்டியவர்கள் எழுதியதற்காகத் திட்டினார்கள், கொல்லர் என்பதற்காக அல்ல. அநியாயம்தான், ஆனால் அவர் செய்த ஒன்றுக்காக வந்த அநியாயம். கானெமில் பிறந்த ஒரு ஹத்தாத்துக்கு அந்த வாய்ப்பே கிடையாது. அவர் எதையும் செய்வதற்கு முன்பே, பெயரைச் சொன்ன உடனே, பதில் வந்துவிடும்.

பெயரைக் கேட்பதில் தப்பில்லை. கூப்பிட வேண்டுமே. கேட்ட பிறகு, அந்த ஆள் அடுத்து என்ன சொல்கிறார் என்று காத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.