கடை வாடகையும் நீதியும்

பொத்துவிலில் வாடகைக் கடை நடத்துபவருக்கு ஆண்டில் இரு காலங்கள் உண்டு. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அறுகங்குடாவின் அலைகளை நாடி உல்லாசப் பயணிகள் வருவர். கையில் காசு புரளும். மாரி தொடங்கியதும் தெரு வெறிச்சோடும். ஆண்டு முழுவதற்குமாகப் பேசிய வாடகையோ மாறாது. நல்ல பருவமொன்றைக் கண்ட கட்டடச் சொந்தக்காரர் மறு ஆண்டு இருமடங்கு கேட்டால், அது அவருடைய உரிமையா, அல்லது அநீதியா?

இக்கேள்வி நமது நாட்டுக்குப் புதிதன்று. போர்க்காலத்தில், 1942இல், வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வீடுகளோடு கடைகளையும் தன்னுள் அடக்கியது. அதற்குட்பட்ட கட்டடத்திலிருந்து சட்டம் கூறும் காரணமின்றி வாடகைக்காரரை எழுப்பலாகாது. ஆண்டுப் பெறுமதி குறித்த அளவைத் தாண்டிய வியாபாரத் தலங்களுக்கு இப்பாதுகாப்பு இல்லை.

கடைக்காரருக்கு ஏன் பாதுகாப்பு? அவருடைய முதல் சரக்கு மட்டுமன்று. அந்த இடத்துக்கு வந்து பழகிய வாடிக்கையாளரும் அவருடைய முதலே. எழும்பிப் போகும்போது அதைத் தூக்கிச் செல்ல முடியாது. ஆகவே, அவர் வேறு வழியின்றி இணங்குகிறார். வறுமையின் நெருக்கடியால் தொழிலாளி ஏற்கும் குறைந்த கூலி, அவன் சம்மதித்தான் என்பதற்காக நீதியாகிவிடாது என்று 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் போதித்தார். கூலிக்குக் கூறியது வாடகைக்கும் பொருந்தும்.

எனினும் மறுபக்கமும் உண்டு. பம்பாயின் 1947ஆம் ஆண்டுச் சட்டம் வாடகைகளை 1940ஆம் ஆண்டளவிலேயே நிறுத்தி வைத்தது. விலைவாசி ஏறியது, வாடகை ஏறவில்லை. திருத்த வேலைக்கும் போதாத வாடகையால் கட்டடங்கள் பாழாயின. கடை மாறும்போது "பகடி" என்னும் பெருந்தொகை கைமாறியது. உள்ளே இருந்தவருக்கு அரணான சட்டம், புதிதாய்த் தொழில் தொடங்க வந்த இளைஞனுக்கு மதிலாயிற்று. காலத்தோடு மாறாத இவ்வேற்பாடு நியாயமற்றது என 1997இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பின்வந்த 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 4 வீத உயர்வை அனுமதித்தது. பெருங்கம்பனிகளைப் பாதுகாப்பிலிருந்து விலக்கியது.

இதிலிருந்து நாம் கற்பதென்ன? வாடகையை என்றென்றைக்கும் உறைய வைப்பதும் நீதியன்று. பிறர் உழைப்பால் செழித்த இடத்துக்கு நினைத்தபடி விலை கூறுவதும் நீதியன்று. எழுத்தில் உடன்படிக்கை, முன்கூட்டியே பேசிய அளவான உயர்வு, போதிய தவணை, வாங்கிய பணத்துக்குப் பற்றுச்சீட்டு: இவை சட்டம் வற்புறுத்தாத ஊரிலும் இருவர் மனம் வைத்தால் முடிபவை. ஒரே கடையின் வாடகையில் சீவிக்கும் விதவையும் நம்மிடையே உண்டு. அக்கடையை நம்பிப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் தகப்பனும் உண்டு. இருவர் வீட்டிலும் அடுப்பு எரியும் வாடகையே நீதியான வாடகை.